இவர் யார் என்று கேட்கும் பெட்டி

மார்ச் 3

கடுகுக்கு அக்கா எழுதுவது.

முதலில் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். என்னைக் கட்டிக்கொண்ட உன் மாமா வாயால் உனக்குத் தெரிந்தால் இன்னும் கேவலம். போன வாரம் முழுக்க நான் கம்ப்யூட்டரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். ஆரம்பித்தது நான் இல்லை, அதுதான். ஒரு முகத்தை வட்டமாக வெட்டிக் காட்டி, கீழே "இவர் யார்?" என்று கேட்டது. கேட்டால் பதில் சொல்வதுதானே மரியாதை. "எங்க அம்மா" என்றேன். அசையவில்லை. "அம்மாங்க" என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அப்படியும் அதே கேள்வி. லாண்டரியில் காது மந்தமான வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறேனே, அதை எடுத்து, "என்னைப் பெத்தவங்க" என்று கத்தினேன். மாடி வீட்டுக்காரர் படியில் பாதி இறங்கி வந்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா" என்று கேட்டார்.

பதிலைக் கட்டைகளைத் தட்டி எழுத வேண்டுமாம். உன் மாமா சோபாவில் உட்கார்ந்து அத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "தெரிஞ்சா சொல்லக் கூடாதா" என்றேன். "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு" என்றார்.

நீ போனை எடுப்பதில்லை. அம்மாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு என் மகள் அச்சடித்துக் கொண்டுவந்த படப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினாய். "நல்லா இருக்கு" என்று மூடி வைத்தாய். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். ஊர் போய்ச் சேர்ந்து ஒரு சீட்டு: "அந்த வீட்டில் நான் இருக்கிற ஒரே ஒரு படத்தைக் காட்டு, வருகிறேன். போன் செய்யாதே. நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். எழுது." ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. என் கையெழுத்தைப் பார்த்து லாண்டரி முதலாளியம்மாவே "இது பில்லா, எறும்பு ஊர்ந்த தடமா" என்று கேட்பவர்.

சரி, ஒரு படம்தானே, அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். என் மகள் வேலை மாற்றலாகிப் போகும்போது இந்தப் பழைய கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனாளே, அதில் நம் வீட்டுப் படம் மொத்தமும் இருக்கிறது. அப்பா காலத்து ஆல்பம், உன் கேமரா கார்டுகள், எல்லோருடைய போனிலும் கிடந்தது, எல்லாம். படங்களை அடுக்குவதற்கென்றே ஒரு சாப்ட்வேர். அதைத் தமிழில் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். இடது பக்கம் எங்கள் லாண்டரி ராக் மாதிரி வரிசை: நாட்கள், இடங்கள், ஆட்கள், குப்பைத் தொட்டி. வலது ஓரத்தில் வருஷங்கள் ஏணி போல நிற்கின்றன. அந்த ஏணியைப் பிடித்துக் கீழே இழுத்தேன் பார், அப்பாவுக்குத் தலை கறுத்துக்கொண்டே வந்தது. மேலே தள்ளினால் நரைக்கிறது. கொஞ்ச நேரம் வேறு எதுவும் செய்யாமல் இதையே செய்துகொண்டிருந்தேன். கையில் ஒரு எலிக்குட்டி சைஸ் சாமானை வைத்துக்கொண்டு அப்பாவை நரைக்கவும் கறுக்கவும் வைக்கிறேன், நம்பு.

ஆனால் கொஞ்சம் மண்டு. உன் மாமாவின் வழுக்கையைப் பின்னாலிருந்து எடுத்த படத்தில் அந்த வழுக்கையைக் கட்டம் கட்டி "இவர் யார்?" என்கிறது. ஒரு நிலாவை யார் என்று கேட்டது. நான் லாண்டரியில் பெரிய வாஷிங் மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம் இருக்கிறதே, அதில் என்னை அடையாளம் கண்டுகொண்டு, கூடவே மெஷினின் வட்டக் கதவையும் வெட்டிக் காட்டி "இவர் யார்?" என்று கேட்டது. "என் மாமியார்" என்று எழுதலாமா என்று யோசித்தேன். உருண்டை முகம், உள்ளே எப்போதும் கொந்தளிப்பு. வேண்டாம் என்று "பொருட்படுத்தாதே" என்ற பொத்தானை அழுத்திவிட்டேன்.

உன் படம் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

நீ எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். அதனால் கோபம் தீர்ந்தது என்று நினைக்காதே.

நடந்ததை நீ பாதிதான் எழுதியிருக்கிறாய். நான் புத்தகத்தைப் புரட்டும்போது, "இதில் நான் எங்கேயுமே இல்லையே" என்று மெதுவாகத்தான் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "சமைக்கிறவளுக்குப் பந்தியில ஏதுடி இலை" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். வந்திருந்த மாடி வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். அந்தப் புத்தகத்தில் மாடி வீட்டுக்காரர் இரண்டு இடத்தில் இருக்கிறார், அக்கா. அவர் வீட்டு நாய் ஒரு முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. அந்த நாயையும் நான்தான் எடுத்தேன்.

அது விளையாட்டுப் பேச்சு என்று எனக்குத் தெரியும். நான் கேட்டது விளையாட்டு இல்லை. நாளைக்கு யாராவது அந்தப் புத்தகத்தைத் திறந்தால் அம்மாவுக்கு ஒரு மகள்தான்.

வாஷிங் மெஷின் படம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எடுத்தது. மெஷினை நீயே கண்டுபிடித்த மாதிரி நின்றாய்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் முதலாளியின் மருமகளும் இந்த மாதிரி சாப்ட்வேர்தான் வைத்திருக்கிறாள். அது சில சமயம் இரண்டு முகங்களை ஒன்றாகக் காட்டி "இருவரும் ஒருவரா?" என்று கேட்கும். யோசிக்காமல் "ஆமாம்" அழுத்தாதே. இரண்டு பேரையும் சேர்த்து ஒரே ஆளாக்கிவிடும். உன்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் கண்ணை டாக்டர் பார்த்தாரா? உனக்கும் கண் போய்விட்டது என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. வரிகள் மலை ஏறுகின்றன. போன முறை எடுத்த அளவு என்னிடம் இருக்கிறது. பக்கத்தில் பார்க்க ஒன்று, தூரத்துக்கு ஒன்று, இரண்டு கண்ணாடி தேய்த்து அனுப்புகிறேன். மாற்றிப் போடாதே.

தங்கை


மார்ச் 19

கடுகுக்கு,

உன் எச்சரிக்கைக் கடிதம் தபால்காரர் கையில் இருந்தபோதே காரியம் முடிந்துவிட்டது.

எங்கள் லாண்டரியில் தலையணை உறைகள், சாக்ஸ் எல்லாம் மலை போல வந்து விழும். ஒன்று போல இருப்பதை எடுத்து ஜோடி போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் வெளுத்திருக்கும், ஒன்று கொஞ்சம் சுருங்கியிருக்கும், அதையெல்லாம் பார்த்தால் பொழுது விடியாது. அதே கை. பெட்டி இரண்டு முகத்தைக் காட்டி "இருவரும் ஒருவரா?" என்றது. கிட்டத்தட்ட ஒன்றுதான், "ஆமாம்". அடுத்தது, "ஆமாம்". என்ன ஒரு வேகம் தெரியுமா? காபி ஆறுவதற்குள் முக்கால்வாசிக் குடும்பத்தை ஜோடி போட்டுவிட்டேன்.

பிறகு "ஆட்கள்" பக்கத்துக்குப் போய்ப் பார்த்தால் வீட்டில் மொத்தம் மூன்று பேர். ஒருவர் மாடி வீட்டுக்காரர். ஒன்று அவருடைய நாய். மீதி எல்லோரும் உன் மாமா.

அம்மா கல்யாணப் படத்தில் மணப்பெண்ணுக்குக் கீழே உன் மாமா பெயர். அப்பா மடியில் இருக்கும் குழந்தை உன் மாமா. என் பிரசவ வார்டுப் படத்தில் கட்டிலில் படுத்திருப்பது உன் மாமா, பக்கத்தில் சுற்றி வைத்திருப்பதும் அவரே. மனுஷர் வந்து ஒவ்வொரு படமாகக் குனிந்து பார்த்தார். பிறகு, "உங்க குடும்பத்துக்காக நான் எவ்வளவு பாடுபட்டிருக்கேன்னு இப்பவாவது தெரிஞ்சுதா" என்றார்.

மகளுக்குப் போன் போட்டேன். அவள் திட்டிவிட்டு, பிரித்தெடுக்க வழி சொன்னாள். ஒவ்வொரு முகமாகத் தொட்டு "இது அவர் அல்ல" என்று அழுத்த வேண்டும். மூன்று நாளாக அதைத்தான் செய்கிறேன். அம்மா என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஏப்ரல் கடைசியில் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குத் திரையில் ஒன்றும் தெரியவில்லை, வெளிச்சம் மாறுவது மட்டும் தெரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு படத்துக்கும், "சின்னவ இருக்காளா?" என்று கேட்கிறாள். நான் "இல்லம்மா" என்கிறேன். "அடுத்ததைப் பாரு" என்கிறாள்.

அப்படிப் பார்த்துப் பார்த்து முதல் வருஷத்திலிருந்து கடைசி வருஷம் வரை வந்துவிட்டேன் கடுகு. கிடைத்ததை எழுதுகிறேன். ஒரு முழங்கை. உன்னுடையதுதான், காயத் தழும்பு இருக்கிறது. கடற்கரைப் படத்தில் மணலில் ஒரு நிழல், தலை இருக்கும் இடத்தில் கேமரா. வீட்டு வாசல் படத்தில் ஒரு ஜோடிச் செருப்பு. ஒரு படத்தில் முதுகு, அதுவும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் யாரோ உன்னை எடுக்கக் கேமராவைக் கையில் வாங்கியிருக்கிறார்கள்.

அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. சிரிக்காமலேயே சொல்கிறேன். நாங்கள் உன்னை விட்டுவிட்டோம் என்கிறாய். நீ எப்போதடி நின்றாய்?

அம்மா ஆபரேஷனுக்கு நீ வரவேண்டும் என்கிறாள். கண் கட்டைப் பிரித்ததும் முதலில் உன்னைப் பார்க்க வேண்டுமாம். என்னைத்தான் தினமும் பார்க்கிறாளாம், சலித்துவிட்டதாம்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

நான் எப்போது நின்றேன் என்று கேட்கிறாய். சொல்கிறேன்.

எனக்கு மாறுகண் இருந்ததை வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ஆபரேஷன் முடிந்து நேரானதும், பிறந்ததிலிருந்தே நேராக இருந்த மாதிரி ஆகிவிட்டது உங்களுக்கு. எனக்கு இருபத்தோரு வயது வரை அது இருந்தது. அப்போது நீ என்னைக் கூப்பிட்ட பெயரை இங்கே எழுத மாட்டேன். நீ ஆசையாகத்தான் கூப்பிட்டாய். தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது, அவர்கள் ஆசையாகக் கூப்பிடவில்லை.

அப்பாவுக்குத் தெரியும். அதனால்தான் கேமராவை உன்னிடம் தராமல் என்னிடம் தந்தார். "இதுக்கு ஒரு கண்ணு போதும்மா" என்றார். படம் எடுக்கும்போது யாராக இருந்தாலும் ஒரு கண்ணை மூடித்தான் ஆகவேண்டும். அந்த நேரம் மட்டும் நான் எல்லோரையும் போல இருந்தேன். எல்லோரும் என் பக்கம் பார்ப்பார்கள், ஆனால் என்னைப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகும் கேமராவைக் கீழே வைக்கத் தெரியவில்லை.

ஆகவே நீ சொல்வது சரி. நான்தான் ஓடினேன். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட "ஏன் ஓடுறே" என்று கேட்கவில்லை. பந்தியில் இலை இல்லை என்று மட்டும் சொன்னீர்கள்.

தேடுவதை விட்டுவிடு. இல்லாததைத் தேடச் சொன்னது என் தப்பு. ஆபரேஷனுக்கு நான் வரவில்லை. டாக்டரோடு போனில் பேசிக்கொள்கிறேன். அம்மாவிடம் கடையில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்.

கண்ணாடி இரண்டும் தனியாகப் பார்சலில் வரும். அது இந்தக் கடிதம் எழுதுவதற்கு முன்பே அனுப்பியது. பழுப்புக் கூடு பக்கத்துக்கு, கறுப்புக் கூடு தூரத்துக்கு.

தங்கை


ஏப்ரல் 6

கடுகுக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. எங்காவது உட்கார்.

உன் போன கடிதத்தைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் என்று கேட்காதே. உன் மாமா "என்ன, சத்தத்தையே காணோம்" என்று சமையலறைக்கு வந்து எட்டிப் பார்த்தார் என்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பெயரை இனி என் வாய் சொல்லாது.

அம்மாவிடம் லீவு கதையைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "படம் கெடைக்கலேன்னு வரமாட்டேங்கிறா, அப்படித்தானே" என்றாள். கண்ணில்தான் புரை, மற்றதெல்லாம் பளிச்சென்று இருக்கிறது.

அன்று சாயங்காலம் உன் பார்சல் வந்தது. பழுப்புக் கூட்டுக் கண்ணாடியைப் போட்டேன். அடேயப்பா. என் கையில் இத்தனை ரேகையா. கம்ப்யூட்டரைத் திறந்தால், இவ்வளவு நாளும் அதைக் கஞ்சி போட்ட துணி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இடது பக்க வரிசையில் குப்பைத் தொட்டிக்கு மேலே, நான் கோடு என்று நினைத்திருந்தது கோடு இல்லை, எழுத்து. "பொருட்படுத்தாதவை."

எங்கள் லாண்டரியில் ஒரு கூடை உண்டு. சீட்டு விழுந்துபோன துணி, யாரும் கேட்டு வராத துணி அதில் கிடக்கும். மாசத்துக்கு ஒருமுறை அதைக் கழித்துவிடுவோம். ஆனால் கழிப்பதற்கு முன் ஒரு சட்டம். ஒவ்வொன்றையும் எடுத்துப் பாக்கெட்டுக்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டும். முதலாளியம்மா எதை மன்னித்தாலும் பாக்கெட் பார்க்காமல் கழிப்பதை மன்னிக்க மாட்டார். பழகின கை சும்மா இருக்குமா. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். வழுக்கை. நிலா. நாயின் பின்பக்கம். அப்புறம் வாஷிங் மெஷின்.

மவுஸின் நடுவில் ஒரு சக்கரம் இருக்கிறதே, அதை உருட்டினால் படம் பெரிதாகும் என்பதை மாமாவின் வழுக்கையில் பழகியிருந்தேன். உருட்டினேன். வட்டக் கதவு பெரிதானது. இன்னும் உருட்டினேன். கதவின் கண்ணாடி கறுப்பாக இருந்தது. அதில் எங்கள் லாண்டரி ஜன்னலின் வெளிச்சம். ஜன்னலுக்கு முன்னால் ஒரு பெண்.

கேமராவை நெஞ்சுக்கு இறக்கிப் பிடித்திருக்கிறாய். அமுக்கிவிட்டு இறக்கினாயா, இறக்கிவிட்டு அமுக்கினாயா, எனக்குத் தெரியாது. ஒரு கண் என்னைப் பார்க்கிறது. ஒரு கண் ஜன்னல் பக்கம் போயிருக்கிறது. இரண்டும் சிரிக்கின்றன.

பெட்டி மெஷினைப் பார்த்து யார் என்று கேட்கவில்லை, கடுகு. உன்னைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறது. முதல் நாளே கேட்டிருக்கிறது. அதை மண்டு என்று உனக்கு எழுதிவிட்டு, பொருட்படுத்தாதே என்று நான்தான் தள்ளிவிட்டிருக்கிறேன்.

"கடுகு" என்று எழுதினேன். எழுதி முடித்ததும் திரை கொஞ்சம் யோசித்தது. வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு முகம் வந்து, "இவர் கடுகா?" என்றது. நம் வீட்டு டி.வி. அணைத்திருக்கும் கறுப்பில் நீ. "ஆமாம்" போட்டேன். அடுத்தது வந்தது. பஸ் ஜன்னலில் நீ, உள்ளே தூங்குகிற அம்மாவின் முகத்துக்கு மேலே உன் முகம் ஏறி நிற்கிறது. அடுத்தது, துணிக்கடைக் கண்ணாடிக் கதவு. அடுத்தது, உன் மாமா வேன் ஓட்டும்போது போடுகிற கறுப்புக் கண்ணாடி. இரண்டு கண்ணாடியிலும் ஒவ்வொரு நீ. சிலதை அது கண்டுபிடிக்கவில்லை. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டதே. மவுஸால் கட்டம் வரைந்து பெயர் எழுதினால் அதுவும் ஒத்துக்கொள்கிறது. அப்பாவின் பிளாஸ்க்கில் உன்னை நான்தான் பிடித்தேன், உயரமாக, வளைந்து, வெள்ளரிக்காய் மாதிரி. மழைத் தண்ணீர் தேங்கின ரோட்டில் தலைகீழாக நிற்கிறாய். வீட்டில் பளபளவென்று ஒரு சாமான் பாக்கியில்லை, எல்லாவற்றிலும் நீ இருக்கிறாய்.

நான் இதற்கு என்னவென்று சொல்வது. இத்தனை வருஷமாக எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நாங்கள் உன்னைப் பார்க்கும்போது எங்கள் முகம் எப்படி இருக்கும் என்பதுதான். அதைத்தான் பிரேம் போட்டு மாட்டி வைத்திருக்கிறோம். நீ எங்களைப் பார்க்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது. பெற்றவளுக்குத் தெரியாது. கடுகு, யாரும் உன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அத்தனை பாசமாகப் பார்த்திருக்கிறாய். திட்டு வாங்கின அன்றைக்குக்கூட. எனக்கு வாய் மூடவில்லை. மாமா வந்து தோளுக்குமேல் பார்த்துவிட்டு, கேலி பேசாமல், சாய்ந்து கிடந்த நாற்காலியை நேராக்கிவிட்டுப் போனார். அந்த மனுஷர் அவ்வளவு மரியாதையாக நடந்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒன்று. பெட்டி இரண்டு முகத்தைப் பக்கம் பக்கமாக வைத்தது. ஒன்று மெஷின் கதவில் இருக்கிற நீ. இன்னொன்று போன வருஷம், ஆஸ்பத்திரி லிப்ட் கதவின் பளபளப்பில் இருக்கிற நீ. ஒன்றில் கண் மாறியிருக்கிறது, ஒன்றில் நேராக இருக்கிறது. நடுவில் எத்தனை வருஷம். "இருவரும் ஒருவரா?" என்று கேட்டது.

வாழ்க்கையில் முதல்முறையாக நான் உடனே ஜோடி போடவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, மவுஸை அவள் உள்ளங்கைக்குள் வைத்து, என்ன காட்டுகிறது என்று சொன்னேன். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனாள். "தெரியுதாம்மா" என்றேன். "நிழலாத் தெரியுது" என்றாள். "என்ன கேக்குது அது?" "ரெண்டு பேரும் ஒரே ஆளான்னு கேக்குது." அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன வேற யாராம்?" என்று சொல்லி, விரலால் நெருக்கி அழுத்தினாள்.

மெஷின் கதவை மட்டும் வெட்டி, பெரிதாக அச்சடித்து இதனுடன் வைத்திருக்கிறேன். பிரிண்ட் கடைக்காரர், "இது ஏதோ வாஷிங் மெஷின் விளம்பரமாக்கா" என்றார். "எங்க வீட்டுப் பொண்ணு" என்றேன்.

நீ ஒரு படம் கேட்டாய். நூற்றுச் சொச்சம் இருக்கிறது. எதை அனுப்ப?

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

கடையில் லென்ஸ் கீறல் பார்க்கிற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். முதலில் யார் என்றே தெரியவில்லை. பிறகு என் காதுத்தோடு தெரிந்தது.

ஆபரேஷனுக்கு முன் எடுத்த என் படம் எதுவும் உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன். இருக்கக் கூடாது என்றும் நினைத்திருந்தேன். அந்தக் கண் எவ்வளவு கோரமாக இருக்கும் என்று மனதுக்குள் ஒரு படம் வைத்திருந்தேன் அக்கா, இத்தனை காலமாக. அது இது இல்லை. இந்தப் பெண் சந்தோஷமாக இருக்கிறாள். ஒரு கண் கொஞ்சம் வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கடையில் பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, "யாரு இது, உன் தங்கச்சியா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வந்தேன். "நான்" என்றேன்.

அம்மாவிடம் லீவு கிடைத்துவிட்டது என்று சொல். இருபத்தி நாலாம் தேதி காலை பஸ். கட்டுப் பிரிக்கும்போது இருப்பேன். அம்மா வீடு திரும்பும் வரை கூடவே இருப்பேன்.

கேமரா கொண்டுவரவில்லை. இந்த முறை வேறு யாராவது எடுங்கள். ஓட மாட்டேன்.

கடுகு


மே 4

கடுகுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். அம்மா நன்றாக இருக்கிறாள். கண் தெளிந்ததிலிருந்து வீட்டில் தூசியாகத் தெரிகிறதாம், என் பிழைப்பு கெட்டது. மெஷின் கதவுப் படம் கூடத்தில் அம்மா நாற்காலிக்கு எதிரே மாட்டியிருக்கிறது. யார் வந்தாலும் அம்மாவே விரலை நீட்டி, "இது சின்னவ" என்று ஆரம்பித்துவிடுகிறாள். மாடி வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார், மூன்றாவது தடவை படியேறும்போது வேகமாகப் போய்விட்டார்.

போன் செய்யலாம் என்று நீ சொல்லிவிட்டாலும், இதைப் போனில் சொல்ல எனக்கு முகமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ கிளம்பின அன்று பஸ் ஸ்டாண்டில் உன்னையும் அம்மாவையும் மாமாவையும், லீவில் வந்திருந்த என் மகளையும் வரிசையாக நிறுத்தி நான் படம் எடுத்தேன் அல்லவா. நீ நடுவில் நின்றாய், அசையாமல் நின்றாய். பஸ்காரர் ஹாரன் அடித்தும் "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று எடுத்துக்கொண்டே இருந்தேன்.

அன்று காலையில் உன் மாமா பல் வலி என்று என் போனை முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பிடித்து வாய்க்குள் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுக் கேமராவைத் திருப்பி வைக்கவில்லை. அது எடுக்கிறவர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் பஸ் வருவதைப் பார்க்க வேண்டுமென்று கறுப்புக் கூட்டுக் கண்ணாடி போட்டிருந்தேன். அதில் தூரத்தில் நீ பளிச்சென்று தெரிந்தாய். கையில் இருந்த போன் மங்கல். அதில் உருண்டையாக ஒரு முகம் தெரிந்தது, மாமா குறுக்கே நிற்கிறார் என்று நினைத்தேன். "கொஞ்சம் தள்ளுங்க, படம் முழுக்க நீங்கதான் இருக்கீங்க" என்று நான் சொன்னதும் அவர் தள்ளித் தள்ளிப் போனதும் உனக்கு ஞாபகம் இருக்கும். சுவர் வரை போனார். முகம் சின்னதாகவில்லை.

நேற்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எடுத்தது எல்லாமே நான். வாயைக் குவித்துக்கொண்டு, புருவத்தை நெரித்துக்கொண்டு, ஒன்றில் "சிரிங்க" என்று சொல்லிக்கொண்டு. பெட்டி ஒரு கேள்வியும் கேட்காமல் மொத்தத்தையும் என் பெயரில் அடுக்கிவிட்டது.

பிறகு என் கண்ணாடியின் இடது பக்கத்தைக் கட்டம் கட்டி, "இவர் கடுகா?" என்று கேட்டது. சக்கரத்தை உருட்டிப் பார்த்தேன். அரிசி அளவில் நடுவில் நீ நிற்கிறாய். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் என் மகள்.

"ஆமாம்" அழுத்தினேன். உன் மாமா எதிலும் இல்லை. அவர் அப்போது சுவரோரம் நின்றிருந்தார்.

அக்கா